எண்ணெய் பிரியும் சத்தம்

தேங்காய்ப்பால் ஊற்றாத ஒன்றைக் கறி என்று சொன்னால் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகும்வரை நான் அடுப்படிக்குப் போனது பீடி பற்றவைக்க மட்டும்தான். அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நின்றுகொண்டு, பாகிஸ்தான்காரர்கள் கோர்மாவுக்கு வெங்காயத்தை எந்த நிறம்வரை பொரிப்பார்கள் என்று லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், குடியிருந்த அக்காவோடு சண்டை பிடிக்கிறேன். எல்லாம் என் வீட்டுக்காரி செய்த வேலை.

அவள் துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனாள். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு வீடு கட்டத் தொடங்கியிருந்தோம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. நான் தேயிலை பேக்டரியில் வேலை, அவள் கொழுந்து பறித்தாள். இரண்டு சம்பளமும் சேர்ந்து தள்ளியும் சுவர் மேலே ஏறவில்லை. "கூரையப் போட்டுட்டு வந்துர்றேங்க," என்று இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கிளம்பிவிட்டாள். போகவே கூடாது என்று லயமே கேட்கும்படி கத்தினேன். "நீங்க கத்துறதுல கூர ஏறுமா?" என்று கேட்டாள்.

அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரர் புண்ணியவான். 'எல்லா வகைச் சமையலும் தெரியும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளுக்குத் தெரிந்த எல்லா வகையும் பருப்பு, கருவாட்டுக் குழம்பு, ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல். போய் இறங்கியதோ ஒரு பாகிஸ்தான் குடும்பத்தில். முதல் வெள்ளிக்கிழமை விருந்தாளி வருகிறார்கள் என்று, கடையில் டின் தேங்காய்ப்பால் வாங்க வைத்து, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் அள்ளிப் போட்டு, நம் ஊர்க் கோழிக்கறி வைத்திருக்கிறாள். மேசையில் இருந்த அத்தனை பேரும் இலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்களாம். கோழியை யாரும் தொடவில்லையாம்.

அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. பாதி அழுகை.

"மேடம் மூணு மாசம் பாப்பாங்களாம். சாப்பாடு சரிவரலன்னா ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிருவாங்களாம். நான் இப்புடியே வந்து நின்னா ஊரு என்னங்க சொல்லும்? அந்தச் சொவரப் பாக்க முடியுமா?"

"யூடியூப்ல பாத்துப் பழகு புள்ள. இதுக்குப் போயி அழுவுறியே," என்று பதில் போட்டேன். எனக்கு எல்லாமே சுலபம்தானே.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வேலை முடியும்வரை போன் அவள் கையில் இருக்காது. ராத்திரி வேலை முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். அவள் படுக்கும் அறையில் வீடியோ பார்க்க நெட் இழுக்காது. குரல் செய்தி மட்டும் வந்து விழும். "நீங்க பாத்துப் பழகி எனக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள்.

"நானா? கறியா?"

"வேற யாருங்க இருக்காங்க எனக்கு?"

மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் லயத்தில் போன் சிக்னல் பிள்ளையார் கோயில் படியில்தான் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு பாகிஸ்தான் அம்மாவின் வீடியோக்களை இறக்கினேன். அந்த அம்மாவின் முகம் தெரியாது. கையும் வளையலும் கரண்டியும்தான் தெரியும். பேசுவது உருது, எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. பிள்ளையாருக்கும் புரிந்திருக்காது. இரண்டு பேரும் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பாடம் கோழிக் கடாயி. பார்க்க என்னவோ எளிதுதான். கோழியை எண்ணெயில் பொரித்து, தக்காளியைப் பாதி பாதியாக வெட்டிக் கவிழ்த்து மூடி, தோல் சுருண்டதும் எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் வற்ற வற்றக் கிளற வேண்டும். கடைசியில் இஞ்சியும் பச்சை மிளகாயும். வெங்காயம் கிடையாது, கறித்தூள் கிடையாது, பால் கிடையாது. 'இதென்ன பஞ்சத்துக் கறி' என்று நினைத்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் மிலாற்றைத் திணித்துத் தீயை மூட்டினேன். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கிளை. காய்ந்தால் வெறிபிடித்து எரியும்.

தக்காளித் தண்ணீர் வற்றிக் கறி தாச்சிச் சட்டியில் ஒட்டத் தொடங்கிய உடனே என் கை என்னைக் கேட்காமலே ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து ஊற்றியது. சமையலே தெரியாதவனுக்கும் அது மட்டும் எப்படித் தெரிந்திருந்ததோ! நம் வீடுகளில் கறி என்றால் கொதிப்பதுதான். எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்குவோம். ஒட்டினால் தண்ணீர். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரத்தத்தில் இருக்கிறது.

எங்கள் காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்லலாம். வாசம் தாண்டிப் போன கையோடு அக்கா வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி இது, கொழம்பு தண்ணியாக் கெடக்கு? பால் ஊத்தலியா? அர மூடி தேங்கா திருவித் தரட்டா?"

"இதுக்குப் பால் ஊத்தக் கூடாதுக்கா."

"யாரு சொன்னா?"

"பாகிஸ்தான்ல சொல்றாங்க."

"அவுங்க தோட்டத்துல தேங்கா இல்லியாக்கும்," என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது கோர்மா. அதற்குத் தயிர் வேண்டும் என்று அந்த வளையல் கை ஒரு வெள்ளைக் கிண்ணத்தைக் காட்டியது. வெள்ளையாக, கெட்டியாக, கிண்ணத்தில். எங்கள் ஊர்க் கடையில் அப்படி இருப்பது யோகட்தான். மஸ்கெலியா டவுனில் நாலு கப் வாங்கி வந்து, பொரித்த வெங்காயத்தோடு கலந்து கோழியில் கொட்டிவிட்டேன். நம் யோகட் கப்பில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பது கோழியோடு கொதித்தால்தான் தெரியும். வெனிலா வாசம் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் போனது. பிள்ளைகள் பிறந்தநாள் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

அக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் காலைப் பெரட்டில், கண்டாக்கையா வேலைக்கு ஆள் பிரித்துவிடும் இடத்தில், இதைச் சொல்லிவிட்டார். நான் பேக்டரிக்கு நடந்துபோகும் வழியில் ஒரு மலை முழுக்கப் பெண்கள் கூடையோடு நின்று, "அண்ணே, இன்னைக்கும் கோழிப் பாயாசமா?" என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

ஹட்டனில் மசாலாச் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம்தான் போய் முறையிட்டேன். அவர் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்துவிட்டு, "யோகட் இல்ல தம்பி, சட்டித் தயிர் எடுங்க. எருமத் தயிர். சீனி போடாதது," என்றார். கையோடு ஒரு சட்டி தயிரும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே மனைவிக்குக் குரல் செய்தி போட்டேன். "புள்ள, நல்லாக் கேட்டுக்க. யோகட்ட மட்டும் தொட்டுறாத. நாசமாப் போயிரும்."

பதில் வந்தது. "இங்க உள்ள யோகட்ல இனிப்பே இல்லங்க. நீங்க கோர்மாவச் சொன்ன அன்னைக்கே போட்டுட்டேன், நல்லாத்தான் வந்துச்சு. நீங்க எதுக்கு இனிச்சதப் போட்டீங்க?"

இப்படி ஒரு மூக்குடைப்பு எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் கோர்மா ஒன்று தேறியதே தவிர, மற்றதெல்லாம் அங்கே தண்ணீராகவே வந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்தில் பாதி ஓடிவிட்டது. மேடம் பக்கத்தில் வந்து நின்று, "பூனோ, பூனோ" என்று கத்துகிறாராம். இன்னும் வதக்கு, இன்னும் வதக்கு என்று அர்த்தம். நானாவிடம் அர்த்தம் கேட்டு நான் சொல்லியனுப்பிய பிறகும் இவளுக்குப் பயம். அடிப்பிடித்துவிடுமோ என்று தண்ணீரை ஊற்றிவிடுகிறாள். அவளுக்கும் அதே இரத்தம்தானே.

நான் பேக்டரியில் வேலை செய்வது உருட்டிய கொழுந்து நிறம் மாறக் காத்திருக்கும் அறையில். அங்கே மூக்குதான் கடிகாரம். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும்போது அள்ளி உலைக்கு அனுப்ப வேண்டும். அதே போலத்தான் மசாலாவும் என்று எனக்குப் பிடிபட்டிருந்தது. "பச்ச வாசம் போற வரைக்கும் தண்ணிய நெனச்சும் பாக்காத," என்று சொல்லி அனுப்பினேன். ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த திமிர் என் குரலில்.

"அடுப்புக்கு மேல பெரிய ஃபேன் இருக்குங்க. வாசத்தையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிரும். மூக்குக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "அவுங்க கேக்குறது அதிகமா மாட்டுக்கறிதான். மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வந்தவ, நான் எப்புடி வாயில வச்சுப் பாக்குறது? இனி என்னால முடியாதுங்க. அனுப்புனா அனுப்பட்டும். பையக் கட்டி வச்சுட்டேன்."

வரச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது சந்தோஷம். அவள் இல்லாத காம்பராவில் என் சோற்றில் பாதி நாய்க்குத்தான் போனது. ஆனால் அவள் குரலில் இருந்தது ஊருக்கு வருகிறவளின் குரல் அல்ல. தோற்றுப் போகிறவளின் குரல். அப்படியே அவளைக் கூட்டிவந்து அந்தப் பாதிச் சுவருக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, மூக்கும் இல்லை நாக்கும் இல்லை, இவளுக்கு எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது என்று எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது. தக்காளி கொழகொழ என்று கொதித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மெலிந்தது. பிறகு சடசட என்று வேறு ஒரு சத்தம், எண்ணெயின் சத்தம், ஓரத்திலிருந்து கிளம்பி நடுவுக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன். மசாலா ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். அட, இதுதான்டா!

மறுபடியும் தக்காளியை வெட்டிப்போட்டு, போனில் பதிவை ஓடவிட்டு, தாச்சிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"கேக்குதா புள்ள? கொழகொழன்னு வருதுல்ல, அது தக்காளித் தண்ணி. கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. ... இப்பப் பாரு, சத்தம் கொறஞ்சுருச்சு. இங்கதான் ஒனக்குப் பயம் வரும். தண்ணிக் கோப்பையத் தூரமா வையி. கிளறு. ... இந்தா! இந்தா கேளு! சடசடன்னு வருது பாரு. இதுதான் எண்ண பிரியிற சத்தம். இப்ப எறக்கு."

நடுவில் நான் இருமியது, கூரைத் தகரத்தில் மழை பெய்தது, நாய் குரைத்தது, அக்கா சுவருக்கு மேலாக "யாருகிட்ட தம்பி பேசுற, தாச்சிகிட்டயா?" என்று கேட்டது, நான் அவரைத் திட்டியது எல்லாம் அதில் பதிந்துவிட்டது. வெட்டத் தெரியாததால் அப்படியே அனுப்பினேன்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாவது நாள் ஒரு கூச்சல்.

"வந்துருச்சுங்க! சடசடன்னு வந்துச்சு! மேடம் ஒண்ணுமே பேசல. ரெண்டாவது ரொட்டி எடுத்தாங்க!"

நான் கோயில் படியிலேயே துள்ளிவிட்டேன். மூன்று மாதம் முடிந்தபோது மேடம் அவளை வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் கடாயி வைத்து லயம் முழுக்கக் கொடுத்தேன். அக்கா தன் பங்கில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டார். அது அவர் இஷ்டம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே? கீமாவுக்குச் சத்தம் அனுப்பு, நிஹாரிக்குச் சத்தம் அனுப்பு என்று பிடித்துக்கொண்டாள். நிஹாரி மாட்டிறைச்சியில் மணிக்கணக்காக வேகவைப்பது. நான் பிஞ்சுப் பலாக்காயில் வைத்தேன். சத்தத்துக்கு என்ன தெரியப்போகிறது மாடா பலாவா என்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் கோழி கட்டுப்படியாகாமல் சோயா மீட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் இறங்கினேன். எனக்கும் கை பழகிவிட்டது. தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தும் பார்க்காதவன் போல நிற்கக் கற்றுக்கொண்டேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் மாதத்துக்கு ஒரு தரம், "கடாயிச் சத்தத்த இன்னொரு தடவ அனுப்புங்க. மறந்துருச்சு," என்பாள்.

"மண்டையில என்ன களிமண்ணா வச்சிருக்க? எத்தன வாட்டி அனுப்புறது?" என்று கத்திவிட்டு அனுப்புவேன். ஒரு முறை சோம்பல் பிடித்துப் பழைய பதிவையே திருப்பி அனுப்பினேன். "இது பழசுங்க. அன்னைக்கு மழ பேஞ்சுச்சு. புதுசா அனுப்புங்க," என்று திருப்பி விட்டாள். இன்னொரு முறை, தெளிவாகக் கேட்கட்டும் என்று கதவு ஜன்னலைச் சாத்தி, நாயை விரட்டி, அக்கா கொழுந்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, வாயே திறக்காமல் பதிந்து அனுப்பினேன். அதற்கும் குறை. "இதுல ஒண்ணும் கேக்கலயே," என்றாள். அந்தப் போன் பழுது என்று முடிவு கட்டினேன்.

அவள் உழைப்பில் சுவர் ஏறியது. கூரைக்கு நான் நல்ல ஷீட்டாகப் பார்த்தேன், மழைச் சத்தம் உள்ளே வராதது. "தகரந்தான் போடணும்," என்று அவள் ஒரே பிடி. "மழைக்குத் தூங்க முடியாது புள்ள," என்றேன். "பரவால்லங்க, தகரமே போடுங்க," என்றாள். துபாய்க்குப் போனால் மூளை உருகிவிடும் போல என்று தகரத்தையே போட்டேன்.

இரண்டு வருடம் முடிந்து வந்துவிட்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். வந்த மறுநாள் நல்ல மழை. புது வீட்டு அடுப்படியில், என் கைவரிசையைக் காட்டுகிறேன் பார் என்று கடாயியைத் தொடங்கினேன். கோழியைப் பொரித்துத் தக்காளியைப் போட்டதும், "தள்ளுங்க," என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு கிளறு கிளறிவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இஞ்சி நறுக்கத் தொடங்கினாள். கோபம் வந்தது எனக்கு. கறியைப் பார்க்காமல் இதென்ன சமையல்?

"தக்காளித் தண்ணி வத்திருச்சு. தீயக் கொறைங்க," என்றாள் திரும்பாமலே.

எட்டிப் பார்த்தேன். சரியாக வற்றியிருந்தது.

"இந்த அளவுக்கு எப்ப பழகுன?"

"மேடம் வச்சுக்கிறேன்னு சொன்னாங்கல்ல? அப்பவே பழகிட்டேன்."

"அப்ப மறந்துருச்சு மறந்துருச்சுன்னு மாசா மாசம் என் உசுர வாங்குனது?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"கறிக்கு இல்லங்க. அங்க எனக்குக் குடுத்த ரூமுக்கு ஜன்னல் இல்ல. பகலா ராவா, மழையா வெயிலான்னு ஒண்ணும் தெரியாது. நீங்க அனுப்புறதக் காதுல வச்சுக்கிட்டுப் படுப்பேன். மழ பேயும். நாய் கொலைக்கும். அக்கா கத்தும். நீங்க இருமிட்டு 'கேக்குதா புள்ள'ன்னு கேப்பீங்க. 'கேக்குதுங்க'ன்னு சொல்லுவேன். எத்தன தடவ பையக் கட்டுனேன் தெரியுமா? அதக் கேட்டுட்டுத்தான் அவுத்து அவுத்து வச்சேன்."

களிமண் என்று நான் கத்தியதெல்லாம்கூட அந்த அறையில் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. அதைக் கேட்டும் சிரித்திருப்பாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இஞ்சி நாறியது. மேலே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

வாசலில் அக்காவின் குரல் வந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். அவளைப் பார்க்க மழையில் நனைந்து வந்திருந்தார். கையில் அரை மூடித் தேங்காய்.

"ரெண்டு பேருக்கும் மூக்கு செத்துப் போச்சா? கறி தீயிது பாருங்க!"

தாச்சியைத் தூக்கிப் பார்த்தேன். அடி கரிக்கட்டை. எண்ணெய் பிரிந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.